பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கும் முன்: ஆர்.சி.யிலிருந்து முன் ஆக்சில் வரை

வடசென்னையில், நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுபவரின் கண்ணில் படுபவை பெரும்பாலும் சில வகைகள்தான்: மகிந்திராவின் சிஜே 3பி முதல் எம்எம் 540, எம்எம் 550 வரையிலான ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி, எப்போதாவது ராணுவ ஏலத்தில் வந்த ஒரு ஜோங்கா, மிக அரிதாக இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ். எதைப் பார்க்கப் போனாலும் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பதே பலரின் வழக்கம். அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. எஞ்சினை லேத் பட்டறையில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்துவிடலாம், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எண்ணோடு ஒத்துப்போகாத சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. ஆகவே திருத்த முடியாதவற்றை முதலிலும், செலவு பிடிப்பவற்றை அடுத்தும், எளிதில் மாற்றக்கூடியவற்றைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யை நகலாகப் பார்த்தால் போதாது, அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் பதிவெண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எரிபொருள் வகை, பதிவு செல்லுபடியாகும் தேதி, காப்பீடு, கடன் நிலுவை போன்ற விவரங்கள் வரும். மெட்ராஸ் மாநிலக் காலத்து எம்.எஸ். வரிசையிலோ அதன் பின் வந்த டி.எம். வரிசையிலோ உள்ள வண்டிகள் சில, பதிவேடுகள் கணினிக்கு ஏற்றப்படாததால் செயலியில் தென்படாமல் போகலாம். அப்படியானால், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விற்பவரே விண்ணப்பித்து விவரத்தை ஏற்றித் தந்த பிறகுதான் முன்பணம் என்று சொல்லிவிட வேண்டும். அடுத்து, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. பழைய ஜீப்புகள் பல தாத்தா பெயரிலோ, எப்போதோ மூடப்பட்ட ஒரு கம்பெனியின் பெயரிலோ இருக்கின்றன. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் பேரன் போட்டுத் தரும் கையெழுத்தால் பெயர் மாறாது.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் விதிப்படி 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது; 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் மேலும் கூட்டப்பட்டது. இதோடு மாநிலத்தின் பசுமை வரியும் உண்டு. பதிவு காலாவதியாகிக் கிடக்கும் வண்டியை வாங்கினால் இந்தத் தொகைகளும் அபராதமும் வாங்குபவர் தலையில்தான் விழும் என்பதால், அவற்றைக் கணக்கிட்டு விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். வெளிமாநில வண்டிக்கு அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும் இங்குள்ள சாலை வரியும் சேரும்.

விளம்பரத்தில் ‘விண்டேஜ்’ என்று போட்டிருப்பது வேறு, சட்டம் சொல்லும் விண்டேஜ் வேறு. 2021 ஜூலையில் வந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலாகி, அசல் வடிவம் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கே அந்தத் தகுதி உண்டு. அதற்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனி எண் தருவார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்த எண்ணுள்ள வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. தினமும் தண்டையார்பேட்டையிலிருந்து வேலைக்கு ஓட்டிப்போக ஜீப் தேடுபவர், வி.ஏ. எண் போட்ட வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. ஜிப்ஸி 1985இல்தான் சந்தைக்கு வந்தது என்பதால், அதை ‘விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

தாள்கள் சரியென்றால், அந்தத் தாள் சொல்லும் வண்டிதான் எதிரே நிற்கிறதா என்ற கேள்வி வரும். ஜீப் உலகத்தில் இது சிறிய கேள்வி அன்று. வட இந்தியாவில், குறிப்பாக அரியானாவின் மண்டி டப்வாலியில், புதிய தகட்டில் பாடி அடித்துப் பழைய தோற்றம் கொடுக்கும் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. அவற்றில் சில, எம்எம் 540இன் தாளோடு ‘வில்லிஸ்’ என்ற பெயரில் தெற்கே வருகின்றன. பானெட்டின் உயரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 1953இல் வந்த சிஜே 3பியில் உயரமான ஹரிக்கேன் எஞ்சினுக்கு இடம் வேண்டியிருந்ததால் பானெட் மேலே தூக்கப்பட்டது. அதற்கு முந்தைய வில்லிஸ் மாடல்களான எம்பி, சிஜே 2ஏ, சிஜே 3ஏ ஆகியவைதான் ‘லோ பானெட்’. ஆகவே ‘1975 லோ பானெட் வில்லிஸ்’ என்ற விளம்பரம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. போர்க்கால எம்பியின் பின்புறம் திறக்கும் கதவு இருக்காது. அச்சடித்த கிரில்லில் ஒன்பது துளைகள் இருக்கும். பின்னாளைய சிஜேக்களில் ஏழு. ஃபோர்டு தயாரித்த ஜிபிடபிள்யூ என்றால் பல போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ எழுத்து பொறித்திருக்கும். ரேடியேட்டருக்குக் கீழே முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருளைக் குழாயாகவும் ஃபோர்டில் கவிழ்த்த ‘யு’ வடிவிலும் இருக்கும்.

சேசிஸ் எண் பொறித்த இடம் மாடலுக்கு மாடல் மாறும். அதைக் கண்டுபிடித்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க வேண்டும். எழுத்துகளின் உயரம் சீராக இல்லாவிட்டாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடமோ வெல்டிங் கோடோ தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். எஞ்சின் எண்ணையும் அப்படியே ஒப்பிட வேண்டும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றி வைப்பது பல காலமாக நடந்துவருகிறது, ஆர்.சி.யில் எரிபொருள் ‘பெட்ரோல்’ என்றிருக்க உள்ளே பெஷோ டீசல் உட்கார்ந்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற மாற்றம், எஃப்.சி.யில் நிற்காது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் தகராறு வரும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிக்கு ஏலத் தாள்கள் முழுவதும் இருந்து, சிவில் பதிவும் முடிந்திருந்தால் மட்டுமே அது வண்டி. இல்லாவிட்டால் உதிரிபாகக் குவியல்.

இனி துரு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நின்ற வண்டியை, உள்நாட்டு ஊரில் நின்ற வண்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது. உப்புக்காற்று வெளித்தகட்டை விட மூடிய பகுதிகளுக்குள் அதிக வேலை செய்யும்: பெட்டிபோல் மூடிய சேசிஸ் சட்டத்தின் உட்புறம், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் பின்புறம், பாடியும் சேசிஸும் சேரும் ரப்பர் மவுன்ட்டுகளின் அடி, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு. சிறு சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மங்கலாகச் சத்தம் தரும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் சமயத்தில் உள்ளேயே போய்விடும். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அதைப் பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், எதை மறைக்க அடித்தார்கள் என்று கேட்க வேண்டும். பாடியில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்தினால், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது.

வெள்ளத்தையும் மறக்க முடியாது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையின் தாழ்வான பகுதிகளில் நின்ற வண்டிகள் பல மூழ்கின. மிக்ஜாமின்போது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்தது. சீட் ரெயிலின் இடுக்கில் காய்ந்த சேறு, மீட்டர் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, ஒயரிங் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சணம்போல் படிந்த செம்புக் களிம்பு ஆகியவை அதற்கான அடையாளங்கள். மிக நம்பகமானது ஆக்சில் ஆயில்தான். ஆக்சிலின் நடுவில் பற்சக்கரங்கள் அடங்கிய கிரவுன் ஹவுசிங்கின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்குகளும் துருவேறியிருக்கும். விரலில் வெள்ளித் துகள் மின்னினால் பல் தேய்ந்துகொண்டிருக்கிறது.

நீலகிரியிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ வரும் எஸ்டேட் ஜீப்பில் இந்த உப்புத் துரு குறைவாக இருக்கும். ஆனால் பாரம் ஏற்றி மேடும் பள்ளமும் ஏறியதால் சேசிஸ் முறுகியிருக்கலாம். ஸ்டீயரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தில் விரிசலோ அதன் மேல் வெல்டிங்கோ இருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, நான்கு ஸ்பிரிங் பிராக்கெட்டுகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, குறுக்கு மூலைகளின் நீளத்தை டேப்பால் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் வேறுபட்டால் சேசிஸ் கோணலாகியிருக்கிறது. இந்த வேலைக்கெல்லாம் கார் ஷோரூம் பக்கம் போவதை விட, மாதவரம், மணலி பக்கம் பள்ளம் உள்ள ஒரு லாரி ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோவது மேல். லாரி மெக்கானிக்கிற்கு ஸ்பிரிங் பட்டையும், ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸும், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னும் கைவந்தவை. ஜீப்பும் அந்த வகைதான்.

ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை விற்பவரின் வாக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே தோற்றத்தில் டூ வீல் டிரைவ் ஜீப்புகளும் விற்கப்பட்டன என்பதால், முன் ஆக்சிலில் கிரவுன் ஹவுசிங் இருக்கிறதா, அதற்கு, விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் போகிறதா என்று குனிந்து பார்ப்பதே முதல் சோதனை. ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அடுத்ததாக மண் தரை உள்ள ஒரு காலி இடத்தில் 4எச் (ஃபோர் வீல், ஹை) போட்டு மெதுவாக முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். தார் ரோட்டில் இதைச் செய்யக் கூடாது. இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சில்களின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லை, ஆகவே வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட, இடைப்பட்ட ஷாஃப்ட்டும் பல்லும் முறுக்கேறி உடையக்கூடும். முன் சக்கர ஹப்பில் லாக் இருந்தால் அதைத் திருப்பிப் பூட்டிய பிறகே சோதனை. லோ கியரில் பாரம் ஏற்றியோ, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்திலோ போகும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே ஃபோர்க்கும் ராடும் தேய்ந்துவிட்டன. பழைய வில்லிஸ் வழி ஜீப்பில் உள்ள ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில், முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோவில் போட முடியாதபடி ஒரு தடை உண்டு. முன் ஆக்சிலைச் சேர்க்காமலே லோ விழுந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அதே வகையில் கியர்பாக்ஸ் ஆயில் குறைந்தும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் வழிந்தும் இருந்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள சீல் போய்விட்டது. இது பயப்பட வேண்டிய கோளாறு அல்ல, பேரம் பேசும் கோளாறு.

பலரும் செய்யாத ஒரு சோதனையை நான் தவிர்ப்பதே இல்லை: முன், பின் ஆக்சில்களின் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு, ஒன்றுதானா என்பது. எம்பியில் அது 4.88, சிஜே 3பியில் 5.38. உடைந்த ஆக்சிலுக்குப் பதில் கிடைத்ததை மாட்டியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. ஃபோர் வீல் போட்ட உடனே வண்டி தனக்குள் சண்டை போடத் தொடங்கும். ஆக்சிலின் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரலில் இருக்க, தூக்கிய சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுவே ரேஷியோ. முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். நான்கு டயர்களின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், பின் இரண்டு ஆண்டு.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் பேரிங்கின் பிளே தெரியும். முன் நக்கிளில் இருக்கும் உருண்டையைச் சுற்றி கிரீஸும் ஆயிலும் கலந்து ஒழுகினால் சீலும், உள்ளேயிருக்கும் ஜாயின்ட்டும் கவனத்துக்குரியவை. ஓட்டும்போது 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் ஏறியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் உதறினால், டை ராடு முனை, கிங்பின், பட்டை புஷ் ஆகியவற்றில் எங்கோ தேய்மானம் சேர்ந்திருக்கிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக ரப்பர் மவுன்ட்டில் தொங்குவதால், கியர் மாற்றும்போது ‘டொக்’ என்று அடித்தால் முதலில் அந்த ரப்பரைப் பார்க்கலாம். விலை குறைந்த வேலை அது.

எஞ்சினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாமல், பானெட் சூடாக இல்லாதபோது முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து வைத்து ரேஸ் கொடுக்கும்போது அதன் வழியே புகை பீய்ச்சினால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி வாயு கசிகிறது. நீலப் புகை ஆயில் எரிவது. சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகை ஹெட் கேஸ்கெட்டையோ டீசல் பம்பையோ காட்டும். பெஷோ டீசலுக்கும் ஜிப்ஸிக்கும் பாகங்களைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடலாம். ஹரிக்கேனுக்கும் ஜோங்காவின் ஆறு சிலிண்டர் பெட்ரோலுக்கும் தேடல் நீளும்.

பிரேக்கில் ஒன்று மட்டும். பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். ஆகவே நான்கு டிரம்மின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒத்திகை ஓட்டத்துக்கே எடுக்கக் கூடாது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை அதற்கான இடமன்று. ஞாயிறு காலையில் மணலி புதுநகரின் உள்சாலைகள் போதும்.

விலை பேசி முடிந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்தும், கடன் இருந்திருந்தால் அதை நீக்குவதற்கான படிவம் 35உம் வாங்கிய பிறகே மீதிப் பணம், அதையும் வங்கி வழியாக. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அன்று காலை விற்பவர் பெயரில் விழுந்த சிக்னல் அபராதம் மாலையில் வாங்கியவர் கணக்கில் வராமல் இருக்க அந்த மணி உதவும். பெயர் மாற்றத்துக்கு 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.