வௌவால் எச்சமும் வைரமும்: மந்திர விதிகளைத் திருத்தும்போது செய்யும் தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் பாத்திரங்களாகி பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. போன வருடம் எங்கள் ஆட்டத்தில் ஒரு மாற்றம் செய்தேன். மந்திரவாதிகளுக்கு இனி ஸ்பெல் ஸ்லாட் கிடையாது, புள்ளிகள்தான். அது என் சொந்த யோசனைகூட இல்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டத்தை நடத்துபவருக்கான வழிகாட்டிப் புத்தகத்திலேயே மாற்று விதியாக அச்சாகியிருக்கிறது. அச்சிலேயே இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று இறங்கிவிட்டேன். முதல் நாளே ஐந்தாம் நிலை விசார்ட் (மந்திரவாதிகளில் ஒரு வகை) ஒருவர் ஒரே சண்டையில் ஐந்து ஃபயர்பால், அதாவது நெருப்புக்குண்டு மந்திரம், போட்டார். மூன்று வாரம் உட்கார்ந்து நான் தயாரித்த, ஓர்க் என்னும் அரக்கர்களின் முகாம் நான்காவதிலேயே சாம்பல். ஐந்தாவது சும்மா ஆசைக்கு.

என்ன நடந்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்லாட் என்பது ஒரு நாளைக்கு எந்தப் படி மந்திரத்தை எத்தனை தடவை போடலாம் என்ற ஒதுக்கீடு (நிலை என்பது பாத்திரத்தின் வளர்ச்சி, படி என்பது மந்திரத்தின் பலம்). ஐந்தாம் நிலை விசார்டுக்கு முதல் படியில் 4, இரண்டாம் படியில் 3, மூன்றாம் படியில் 2. புள்ளி முறையில் முதல் படி மந்திரத்துக்கு 2 புள்ளி, இரண்டாம் படிக்கு 3, மூன்றாம் படிக்கு 5. பெருக்கிக் கூட்டினால் 8, 9, 10. மொத்தம் 27. விதி அந்த நிலையில் அவருக்குக் கொடுப்பதும் சரியாக 27 புள்ளிதான். கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால்தான் ஏமாந்துபோகிறோம். ஸ்லாட் முறையில் அந்த 27இல் 17 புள்ளிகள் சின்ன மந்திரங்களுக்கென்று பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பூட்டைக் கழற்றியதும் இரண்டு ஃபயர்பால் ஐந்தாகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆறுமுகப் பகடை (முருகனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), சராசரி 28 சேதம், அதுவும் 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற எல்லோருக்கும். எதிர்ப்பக்கம் போனால் இன்னும் மோசம்: 27 புள்ளியையும் முதல் படியில் இருக்கும் ஷீல்டு என்ற கேடய மந்திரத்திலேயே போட்டால் 13 தடவை, ஒவ்வொரு தடவையும், அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய தற்காப்பு எண்ணில் 5 கூடும். அவரைத் தொடவே முடியாது. ஆறாம் படியிலிருந்து மேலே மட்டும், ஒவ்வொரு படியிலும் நீண்ட ஓய்வுக்கு (செலவான மந்திர சக்தி திரும்ப நிறையும் இரவுத் தூக்கம்) ஒரு மந்திரம்தான் என்று அதே விதியில் ஒரு வரி இருக்கிறது. எழுதியவர்களுக்கும் கொஞ்சம் பயம் இருந்திருக்கிறது போல.

பெரும்பாலான திருத்தங்கள் இப்படித்தான் கவிழ்கின்றன. விதியில் எது எரிச்சலூட்டுகிறது என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அந்த எரிச்சல் எதற்கு அணை போட்டுக்கொண்டிருந்தது என்பது உடைத்த பிறகுதான் தெரிகிறது.

ஸ்லாட்மீது கோபம் வருவது நியாயம்தான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். மனப்பாடம் செய்து வைத்து, சொன்னதும் மறந்துபோகிற அந்த முறை எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. காலையில் ஒரு மந்திரம் போட்டுவிட்டு இருட்டும்வரை கையில் குத்துவாளோடு நண்பர்களின் முதுகுக்குப் பின்னால் பதுங்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு கேன்ட்ரிப் என்கிற சின்ன மந்திரங்களைச் செலவே இல்லாமல் எத்தனை தடவையும் போட விட்டது.

அடுத்த தவறு அங்கேதான் முளைக்கிறது. "இலவசமாக ஒரு சின்ன வைத்திய மந்திரம் கொடுப்போமே, ஒரு புள்ளி காயம் ஆறினால் என்ன குடிமுழுகிப்போகும்?" என்று யாராவது கேட்பார்கள். சுற்றுக்கு ஒரு தடவை போடலாம், ஒரு சுற்று 6 நொடி. நிமிடத்துக்கு 10 புள்ளி, பத்து நிமிடத்தில் 100. சண்டை முடிந்ததும் மொத்தக் குழுவும் மரத்தடியில் உட்கார்ந்து புத்தம்புதிதாக எழுந்துவிடும். அப்புறம் எந்தக் காயத்துக்கும் அர்த்தமில்லை. நெருப்பு எறியும் ஃபயர் போல்ட் கேன்ட்ரிப்பை எத்தனை தடவை எறிந்தாலும் பரவாயில்லை, எறிவதற்கு எதிரி ஒருவன் நிற்க வேண்டும். எதிரி இல்லாத நேரத்திலும் பலன் சேர்ந்துகொண்டே போகிற எதையும் இலவசமாகக் கொடுக்காதீர்கள்.

சரி, "மந்திரவாதிகளுக்குப் பலம் அதிகம், வாள் வைத்திருப்பவருக்கு வேலையே இல்லை" என்ற பழைய புகாருக்கு வருவோம். இதைக் கேட்டதும் பலர் மந்திரங்களின் சேதத்தைக் குறைக்கக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் உங்கள் ஆட்டத்தில் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மோதல் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் வழிகாட்டி, நடுத்தரமோ கடினமோ ஆன மோதல்கள் ஆறிலிருந்து எட்டு வரை ஒரு நாளில் தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறது. நம் நிலைமை என்ன? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஒரு சண்டை, நிறையப் பேச்சு, டீ, இன்னொரு சண்டை. உடனே ஒருவர் "எட்டு மணி நேரம் தூங்குகிறோம்" என்பார். விசார்டின் ஒன்பது ஸ்லாட்டும் திரும்ப நிறைந்துவிடும். ஏழு மோதலுக்குப் பிரித்துச் செலவழிக்க வேண்டியதை ஒன்றிரண்டில் கொட்டினால் யாரும் அசுரர்தான். இங்கே கெட்டுப்போயிருப்பது மந்திரமே அல்ல, நாள்காட்டி.

அதே வழிகாட்டியில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது: சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் சிறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். பயணமும் அரண்மனைச் சூழ்ச்சியும் அதிகமுள்ள கதைகளுக்கு நன்றாகப் பொருந்தும். சுரங்கத்துக்குள் இறங்கி அறை அறையாகப் போகிற கதைக்கு ஆகாது, பாதி வழியில் ஒரு வாரம் விடுப்பு எடுக்க எந்தப் பூதமும் அனுமதிக்காது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வார்லாக் என்கிற இன்னொரு வகை மந்திரவாதியை மறக்காதீர்கள். ஐந்தாம் நிலையில் அவருக்கு இரண்டே ஸ்லாட், ஆனால் சிறு ஓய்வு எடுத்ததும் இரண்டும் திரும்ப வரும். "சிறு ஓய்வெல்லாம் தொல்லை, எடுத்துவிடுவோம்" என்று முடிவு செய்தால் மற்றவர்களுக்கு லேசான இடைஞ்சல், அவருக்குப் பட்டினி.

இன்னொரு கவர்ச்சியான யோசனை, மந்திரம் கைமீறிப் போகும் ஆபத்து. இருபதுமுகப் பகடையில் 1 விழுந்தால் விபரீதம் என்று எழுதிவிடுவது சுலபம். ஒரு தடவைக்கு 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் வீரர் ஒரு பயணத்தில் 20 தடவை மந்திரம் போட்டால், ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 64 சதவீதம். ஒரே காட்சியில் வந்து நாலு மந்திரம் போட்டுச் செத்துப்போகும் வில்லனுக்கு 19 சதவீதம்கூட இல்லை. விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் அடி விழுவது வாராவாரம் வந்து உட்காருகிறவருக்குத்தான். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை, விளையாடினார், அவ்வளவுதான்.

இதைச் சரியாகச் செய்த விளையாட்டும் உண்டு. வார்ஹேமர் ஃபேன்டஸி ரோல்பிளேயின் இரண்டாம் பதிப்பில், 2005இல் வந்தது, மந்திரவாதி எத்தனை பத்துமுகப் பகடை உருட்டுவது என்று தன் சக்திக்கு உட்பட்டு அவரே முடிவு செய்வார். கூட்டுத்தொகை அதிகமானால் பெரிய மந்திரம் பலிக்கும். இரண்டு பகடையில் ஒரே எண் விழுந்தால் ஏதோ கோளாறு, மூன்றில் விழுந்தால் பெரிய கோளாறு, நான்கில் விழுந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு பகடை உருட்டினால் ஜோடி விழும் வாய்ப்பு 10 சதவீதம், மூன்றுக்கு 28, நான்குக்கு ஏறத்தாழ 50. ஒரே ஒரு பகடையோடு நிறுத்திக்கொண்டால் ஜோடி விழ வழியே இல்லை. எவ்வளவு ஆபத்து வேண்டும் என்று வீரரே கையை நீட்டி எடுத்துக்கொள்கிறார். நான்காவது பகடையை அவர் கையில் எடுக்கும்போது சுற்றியிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள் பாருங்கள், அதற்காகவே அந்த விதியை நகலெடுக்கலாம்.

கான்சன்ட்ரேஷன், அதாவது கவனத்தைக் குவித்தே தக்கவைக்க வேண்டிய மந்திரங்களுக்கான விதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தொடாதீர்கள். ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட மந்திரம் ஒன்றுதான், அடிபட்டால் கலையக்கூடும் என்பது வீரர்களுக்குப் பிடிக்காதுதான். ஹேஸ்ட், ஃப்ளை, கிரேட்டர் இன்விசிபிலிட்டி மூன்றையும் ஒரே வாள்வீரர்மேல் ஏற்றிவிட்டு, வேகமாகப் பறக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒருவரை ஒரு மாதம் சமாளித்துப் பார்த்தால் அந்த விதி எதற்கென்று புரியும்.

பொருட்கள் விஷயத்தில் நான் செய்தது அசட்டுத்தனம். ஃபயர்பால் போட வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்பது விதி. வெடிமருந்தை நினைவுபடுத்தும் பழைய கிண்டல். மந்திரப் பொருள் பையோ கோலோ கையில் இருந்தால் போதும், எச்சத்தை யாரும் எண்ணுவதில்லை. "அப்புறம் எதற்கு இந்தப் பட்டியல்?" என்று ஒரே கோடாகப் போட்டு அடித்துவிட்டேன். இறந்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபை மந்திரம் 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரத்தை விழுங்கும் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்தில் மரணம் என்பது தடுமாறி விழுந்து எழுவது மாதிரி ஆகிவிட்டது. விலை போட்டிருக்கும் பொருளையும் விலையில்லாத பொருளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் கத்தரியை எடுங்கள்.

மந்திரவாதி மற்றவர்களின் வேலையைப் பிடுங்குகிறாரா என்றும் பார்க்க வேண்டும். பூட்டைத் திறக்கும் நாக் மந்திரம் தவறவே தவறாது, ஆனால் அந்தத் தட்டும் சத்தம் 300 அடிக்குக் கேட்கும். திருடரின் கம்பி அமைதியாகத் திறக்கும், ஆனால் தவறக்கூடும். இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. புதிதாக நீங்கள் எழுதும் மந்திரத்துக்கும் இப்படி ஒரு சத்தம் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதும் வேண்டாம். நான் புள்ளிகளையும் பொருட்களையும் சேர்த்து மாற்றியதால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. புனித வீரரான பாலடினின் ஸ்மைட் என்ற மந்திர அடியும் ஸ்லாட்டைத்தான் தின்கிறது என்பது, அவர் "என் புள்ளி எங்கே?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாற்றம், அதே மூன்று சண்டைகள், பழைய விதியில் ஒரு தடவை, புதிய விதியில் ஒரு தடவை. வாள் பிடிப்பவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள், விசார்டிடம் கடைசியில்.

இப்போது எங்களிடம் ஸ்லாட் திரும்பி வந்துவிட்டது. மிச்சம் வைத்த திருத்தம் ஒன்றே ஒன்று: நீண்ட ஓய்வுக்கு ஒரு தடவை, முதல் படி ஸ்லாட் இரண்டைக் கொடுத்து இரண்டாம் படி ஸ்லாட் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். எரிந்துபோன ஓர்க் முகாமை ஆற்றுக்கு அக்கரையில் வைத்து, தலைவனுக்கு வேறு பெயர் கொடுத்து, அப்படியே திரும்ப நடத்திவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.