தங்க ஐ.ஆர்.ஏ. கட்டணங்களை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவில் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஐ.ஆர்.ஏ.வில் தங்கம் வைத்திருப்பவரிடம் மூவர் பணம் பெறுகிறார்கள்: தங்கத்தை விற்கும் வணிகர், கணக்கை நிர்வகிக்கும் கஸ்டோடியன், தங்கத்தைக் காக்கும் பெட்டக நிறுவனம். பின்னிருவரின் கட்டணம் அச்சிட்ட பட்டியலாகக் கிடைப்பதால், ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் அதை மட்டுமே ஒப்பிட்டுவிட்டு நிம்மதியடைகிறார்கள். பெருந்தொகை போவதோ பட்டியலில் இல்லாத இடத்தில், அதாவது வாங்கும் விலையிலேயே.

ஊரில் நகை வாங்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. அதே கேள்வியை இங்கே பலர் கேட்பதில்லை. கணக்கு எளிதாக இருக்க, ஒரு அவுன்ஸ் தங்கத்தின் ஸ்பாட் விலை, அதாவது அந்த நேரத்துச் சந்தை விலை, 2,000 டாலர் என்று கொள்வோம். ஒரு அவுன்ஸ் எடையுள்ள சாதாரண புல்லியன் நாணயத்தை, அதாவது தங்கத்தின் மதிப்புக்காகவே வாங்கும் நாணயத்தை, ஒரு வணிகர் 2,100 டாலருக்குத் தருகிறார். மற்றொருவர் 'அரியது' என்று புகழ்ந்து, பளபளப்பாக அச்சிட்ட, அதே எடையுள்ள புரூஃப் நாணயத்தை 2,600-க்கு விற்கிறார். 50,000 டாலருக்கு வாங்கினால் முதலாமவரிடம் ஏறத்தாழ 47,600 டாலர் பெறுமான தங்கமும் இரண்டாமவரிடம் 38,500 டாலர் பெறுமான தங்கமும் கிடைக்கும். ஆண்டுக்கு 250 டாலர் நிர்வாகக் கட்டணத்தைப் பத்தாண்டுகள் கட்டினாலும் 2,500 டாலர்தான். இங்கே ஒரே நாளில் 9,000 டாலருக்கு மேல் வித்தியாசம். அமெரிக்க அரசின் நாணயச்சாலை வெளியிடும் புரூஃப் அமெரிக்கன் ஈகிள் நாணயத்துக்கு ஐ.ஆர்.ஏ.வில் சட்டப்படி இடமுண்டு என்பது உண்மைதான், ஆனால் அனுமதி உண்டு என்பதற்காக விலை நியாயமாகிவிடாது. இலவச வெள்ளி, முதல் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்னும் சலுகைகளின் செலவும் பெரும்பாலும் இந்த விலைக்குள்ளேதான் ஒளிந்திருக்கும்.

ஒரே தொகையாக வாங்கும் கட்டணத்தையும் சதவீதக் கட்டணத்தையும் தம் கணக்கின் அளவைப் பார்க்காமல் ஒப்பிடுவது அடுத்த தவறு. ஆண்டுக்கு 250 டாலர் என்பது 10,000 டாலர் கணக்கில் 2.5 சதவீதம்; ஒரு லட்சம் டாலர் கணக்கில் கால் சதவீதம். பெட்டகத்தில் பிறர் தங்கத்தோடு சேர்த்து வைப்பதா, தனியே பிரித்து வைப்பதா என்பதற்கேற்பவும் தொகை மாறுமாதலால், ஒரே வகைப் பாதுகாப்புக்கான கட்டணங்களையே அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

வெளியேறும் செலவைக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. பணத்தை எடுக்கும்போது வரி கட்டும் வகையான மரபான ஐ.ஆர்.ஏ.விலிருந்து 1951 முதல் 1959 வரை பிறந்தவர்கள் 73 வயதிலும், 1960-லோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் 75 வயதிலும் ஆண்டுதோறும் குறைந்தபட்சத் தொகையை எடுக்கத் தொடங்க வேண்டும். அப்போது நாணயத்தை விற்றால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி உறைக்கும்; நாணயமாகவே பெற்றால் அனுப்பும் செலவும் காப்பீடும் சேரும். ஆகவே, ஒரே நாளில் ஒரே நாணயத்தை என்ன விலைக்கு விற்பீர்கள், என்ன விலைக்குத் திரும்ப வாங்குவீர்கள் என்று வணிகரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. கணக்கை மூடும் கட்டணத்தைக் கஸ்டோடியனிடம் தனியே கேட்க வேண்டும்.

பெட்டகக் கட்டணத்தை மிச்சம்பிடிக்க வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்னும் யோசனை இருப்பதிலேயே ஆபத்தானது. தம் ஐ.ஆர்.ஏ.வுக்குச் சொந்தமான நிறுவனத்தின் பெயரில் வாங்கிய ஈகிள் நாணயங்களை வீட்டில் வைத்திருந்த மெக்நல்டி தம்பதியரின் வழக்கில், அது கணக்கிலிருந்து பணம் எடுத்ததற்குச் சமம் என்று 2021-இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபான கணக்கில் அப்படி எடுத்ததாகக் கருதப்படும் தொகைக்கு வருமான வரி உண்டு. ஐம்பத்தொன்பதரை வயது நிறையாதவருக்குப் பொதுவாக 10 சதவீதக் கூடுதல் வரியும் சேரும்.

தங்க ஐ.ஆர்.ஏ. நிறுவனங்களை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுவதும் குறையான ஒப்பீடே. பங்குத் தரகு நிறுவனத்தில் தொடங்கும் சாதாரண ஐ.ஆர்.ஏ.விலேயே தங்க ஈ.டி.எஃப்., அதாவது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி, வாங்கலாம். அத்தகைய நிதிகளில் ஜி.எல்.டி. ஆண்டுக்கு 0.40 சதவீதமும், ஐ.ஏ.யூ. 0.25 சதவீதமும் கட்டணமாக எடுக்கின்றன. 50,000 டாலருக்கு அது முறையே 200 டாலரும் 125 டாலரும் ஆகும். வாங்க விற்க ஆகும் விலை இடைவெளியும் மிகக் குறைவு. நாணயம் தம் பெயரில் ஒரு பெட்டகத்தில் கிடக்க வேண்டும் என்பவருக்கு இது ஈடாகாது. எனினும் ஓய்வுக்காலம் வரை கையால் தொடவே முடியாத அந்த நாணயத்துக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதை, கையெழுத்திடும் முன் டாலரில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.