முதலில் மாதிரி, அப்புறம் குளோரின்: லெஜியோனெல்லா விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று நான்கு பேர் கடும் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்கிறார்கள். சோதித்ததில் லெஜியோனெல்லா: தண்ணீரில் வளர்ந்து, காற்றில் பறக்கும் நுண்துளிகளோடு மூச்சில் நுழைந்து நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்துக் கட்டட நிர்வாகங்கள் செய்யும் முதல் வேலை, கூலிங் டவரில், அதாவது பெரிய கட்டடக் குளிரூட்டியின் தண்ணீரை ஆறவைக்கும்போது நுண்துளிகளை வெளியே விடும் கோபுரத்தில், குளோரினை அள்ளிக் கொட்டுவது. பாதி நல்லெண்ணம், பாதி பயம். மறுநாள் சுகாதாரக் குழு போய் நிற்கும்போது தொட்டி பளிச்சென்று இருக்கும், மாதிரியாக எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. நோயாளியின் சளியில் வளர்ந்த கிருமியும் தண்ணீரில் வளர்ந்த கிருமியும் ஒன்றுதானா என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மூலம் எது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அந்தத் தடயத்தை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

அதற்காக ஆய்வக முடிவு வரும்வரை கைகட்டி இருக்கச் சொல்லவில்லை. கிருமி வளர்ந்து முடிவு தெரியப் பத்து நாள் வரை ஆகலாம். அதற்குள் இன்னும் பலர் படுத்துவிடுவார்கள். மாதிரியை எடுத்த கையோடு, அன்றைக்கே டவரை நிறுத்திக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அதிலும் கவனம் தேவை. பிரான்சின் பா-து-கலே பகுதியில் 2003-04ல் 86 பேர் நோயுற்று 18 பேர் இறந்தார்கள். ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் கூலிங் டவர்தான் மூலம். அதை உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய நாட்களில்தான் இரண்டாவது அலை கிளம்பியது. கிருமி குறைந்தது ஆறு கிலோமீட்டர் காற்றில் போயிருந்தது. நோயாளியின் வீட்டைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்கு வட்டம் போட்டுத் தேடுவது எதற்கும் போதாது.

நோயாளியை விசாரிப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

“ஐயா, போன ரெண்டு வாரமா எங்கெங்கே போனீங்க?”

“எங்கேயும் போகலம்மா. வீடு, கடை, கோயில், அவ்வளவுதான்.”

பக்கத்தில் நிற்கும் மகளைக் கேட்டால், “அப்பா, தினமும் சாயங்காலம் மாமாக் கடையில டீ குடிப்பீங்களே, சொல்லுங்க” என்பார். அந்தக் கடையில் தண்ணீரைப் புகையாய்த் தூவும் காற்றாடி ஓடியதா, அவர் எந்த மேசையில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் அப்புறம்தான் வெளிவரும். நோய் அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் ஆகும், சிலருக்குப் பதினான்கு வரை போகும். ஆகவே பதினான்கு நாளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வங்கிக் கணக்கு, கைப்பேசிப் படங்கள் எல்லாம் ஞாபகத்துக்குத் துணை. “குளித்தீர்களா, குடித்தீர்களா” என்று மட்டும் கேட்டால் மூலம் நழுவிவிடும். நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் மலர்க் கண்காட்சியில் 1999ல் ஏறத்தாழ 200 பேரை வீழ்த்தியது, விற்பனைக்காக ஓடவிட்டு வைத்திருந்த வெந்நீர்ச் சுழல்தொட்டி. யாரும் அதில் இறங்கவே இல்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

குளிர் நாட்டு வழிகாட்டிகளை அப்படியே இங்கே கொண்டுவருவது இன்னொரு கோளாறு. வெந்நீரை 60 டிகிரிக்கு மேலும், குளிர்நீரை 20க்குக் கீழும் வை என்று அவை சொல்லும். கோலாலம்பூரில் குழாயைத் திறந்தால் வருவதே இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி. வெயில் நாளில் மொட்டைமாடித் தொட்டி இன்னும் சூடு. கிருமி செழிக்கும் வரம்புக்குள் நம் ‘பச்சைத் தண்ணீரே’ இருக்கிறது. எனவே வாட்டர் ஹீட்டரை மட்டும் சோதித்துவிட்டுத் திரும்பக் கூடாது. தொட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை விடுங்கள், எஞ்சிய குளோரினை அளந்து பாருங்கள். அண்மையில் தண்ணீர் தடைப்பட்டுத் திரும்ப வந்ததா என்றும் கேளுங்கள்: குழாயில் தேங்கி நிற்கும்போது குளோரின் குறைகிறது, தண்ணீர் திரும்பும் வேகத்தில் படிவுகள் கலங்கி வருகின்றன.

மாதிரி எடுப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. சோடியம் தயோசல்பேட் போட்ட ஒரு லிட்டர் போத்தல் வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும் குளோரின் போகும் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும். ஓடவிடாமல் முதலில் விழும் தண்ணீரைப் பிடியுங்கள். ஷவர் தலையைக் கழற்றி உள்ளே இருக்கும் வழவழப்பைப் பஞ்சுக் குச்சியால் வழித்தெடுங்கள். ஐஸ் வேண்டாம், வெயிலும் படக் கூடாது.

சிறுநீர்ச் சோதனையோடு நிறுத்திக்கொள்வதை மருத்துவமனைகளிலேயே பார்க்கலாம். லெஜியோனெல்லாவில் நியூமோஃபிலா என்ற இனத்தின் முதல் வகையைத்தான் அது நன்றாகக் காட்டும். ‘இல்லை’ என்று வந்தால் நோயே இல்லை என்று பொருளில்லை. ‘ஆம்’ என்று வந்தாலும் சளியை வளர்ப்புக்கு அனுப்பாவிட்டால் தண்ணீர்க் கிருமியோடு ஒப்பிடக் கையில் எதுவும் இருக்காது.

ஒரு டவரில் கிருமி கிடைத்தவுடன் ‘பிடித்துவிட்டோம்’ என்று அறிவிப்பதும் வேண்டாம். தேடினால் பல டவர்களில் கிடைக்கும். எஸ்டி-1 போன்ற மரபணு வகை உலகெங்கும் தண்ணீரில் இருப்பதால், மரபணு பொருந்தினால்கூட நோயாளி அந்தப் பக்கம் போனாரா, காற்று எந்தத் திசையில் வீசியது என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மக்களுக்குச் சொல்வதில் ஒரு வார்த்தை: வீட்டுச் சுவரில் மாட்டிய ஏர்கோன் தண்ணீரைத் தூவுவதில்லை, அதை நிறுத்தச் சொல்லிப் பீதி கிளப்ப வேண்டாம். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோயாகவும் நடந்துகொள்வதில்லை. நோயாளியின் குடும்பத்தை ஒதுக்க எந்தக் காரணமும் கிடையாது.

புது நோயாளிகள் வருவது நின்றதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸில் 2015 கோடையில் 138 பேர் நோயுற்று 16 பேர் இறந்தார்கள். அதையடுத்துக் கிருமிநீக்கம் செய்த டவர்களிலேயே சில வாரங்களில் கிருமி திரும்பியது. அருகே மோரிஸ் பார்க்கில் புதிதாக ஒரு கொத்து நோயாளிகள். சுத்தம் செய்த பிறகு மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். அதற்கான போத்தல், ஆள், ஆய்வக நேரம் எல்லாவற்றையும் முதல் நாள் திட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பரபரப்பு அடங்கிய பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.