மீடியம் ஃபார்மட் நெகட்டிவை ஸ்கேன் செய்வதா, டிஜிட்டலிலேயே எடுப்பதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் பலரிடம் 120 ரோல் நெகட்டிவ்கள் (35 மி.மீ. ஃபிலிமைவிட அகலமான மீடியம் ஃபார்மட் ஃபிலிம்) கட்டுக்கட்டாக இருக்கின்றன. யாஷிகா, மாமியா என்று பழைய கேமராக்களை வாங்கிப் புதிதாக ரோல் போடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே கேள்விதான்: ஃபிலிமில் எடுத்து ஸ்கேன் செய்தால் டிஜிட்டலைவிட நன்றாக வருமா? இதைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் நல்ல டிஜிட்டல் படத்தையும் மோசமான ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஃபிலிம் தோற்றது என்கிறார்கள். தோற்றது ஃபிலிம் அல்ல, ஸ்கேன். நெகட்டிவில் பதிந்ததை முழுதாக வெளியே எடுத்த பிறகுதான் ஒப்பீட்டுக்கே அர்த்தம்.

முதல் தவறு, ஸ்கேனர் பெட்டியில் அச்சிட்ட டிபிஐ எண்ணை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) நம்புவது. எப்சன் வி600 போன்ற பிளாட்பெட் (கண்ணாடித் தட்டு ஸ்கேனர்) 6400 டிபிஐ என்று சொல்லும். அந்த அளவில் ஒரு 6×6 (செ.மீ. சதுர) நெகட்டிவை 16 பிட் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட 200 மெகாபிக்சல், 1.2 ஜிபி ஃபைல் வரும். ஆனால் அதன் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1600 டிபிஐதான். விலை கூடிய வி850 கூட 2300 பக்கம்தான். மீதியெல்லாம் ஹார்ட் டிஸ்க்கை நிரப்பும் வெற்றுப் பிக்சல்கள். 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 5290 பிக்சல் அகலம், சுமார் 28 மெகாபிக்சல், 170 எம்பிக்குள் ஃபைல். 12×12 அங்குல ஆல்பத்துக்கு 300 டிபிஐ கணக்கில் 3600 பிக்சல் போதும். அக்ஃபா கிளிக் 3 மாதிரி ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் வைத்த கேமராவில் எடுத்த நெகட்டிவுக்கு 2400 கூட அதிகம்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் டிஜிட்டல் கேமராவும் மீடியம் ஃபார்மட்தான். ஆனால் அதன் சென்சார் 44×33 மி.மீ. 6×6 என்று சொல்லும் படத்தின் உண்மை அளவு 56×56 மி.மீ. பரப்பில் அது ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ.) சென்சாரைப்போல 3.6 மடங்கு, ஜிஎஃப்எக்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 6×6 கேமராவில் 80 மி.மீ. எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் எண்; எண் குறைந்தால் திறப்பு பெரிது) லென்ஸ் தரும் பின்னணி மங்கல் ஃபுல் ஃபிரேமில் வேண்டுமானால், 44 மி.மீ. எஃப் 1.5 அளவில் லென்ஸ் தேவை. ஆகவே ஒரே எஃப் எண்ணில் இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டால் கணக்கு பிசகும்.

இனி மேக்ரோ லென்ஸ் (மிக நெருக்கத்தில் எடுப்பது) போட்ட டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவையே படமெடுக்கும் முறை. கையில் நல்ல கேமரா இருப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம். பிளாட்பெட்டைவிட வேகம், கூர்மையும் கூடுதல். ஆனால் தவறு செய்ய இடமும் இங்கேதான் அதிகம்.

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 6×6 நெகட்டிவை ஒரே ஷாட்டில் அடக்கினால், சதுரத்துக்கு வெளியே இருக்கும் பிக்சல் வீணாகி 4000×4000, அதாவது 16 மெகாபிக்சல் மட்டுமே கிடைக்கும். அதற்குப் பதில், சென்சாரின் நீளப் பக்கம் நெகட்டிவின் முழு அகலத்தை நிரப்பும்படி நெருங்கி, மேல்பாதி ஒன்று கீழ்ப்பாதி ஒன்று என இரண்டு ஷாட் எடுத்துக் கணினியில் ஒட்டுங்கள். 6000×6000, 36 மெகாபிக்சல் வரும். சுமார் 2700 டிபிஐக்குச் சமம். நகர்த்த வேண்டியது நெகட்டிவை, கேமராவை அல்ல. எக்ஸ்போஷர், ஃபோகஸ் இரண்டும் மேனுவலில் பூட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் கோடு தெரியும்.

ஓரங்கள் மங்கினால் லென்ஸைக் குறை சொல்லும் முன் மட்டத்தைப் பாருங்கள். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து கேமரா வழியே பார்த்தால், லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் நட்டநடுவில் தெரிய வேண்டும். விலகியிருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. டிரைபாடில் ஸ்பிரிட் லெவல் வைப்பதைவிட இது துல்லியம். அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100 சரியாக இருக்கும். எஃப் 16க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) கூர்மை குறையும். நெருக்கத்தில் எடுக்கும்போது எஃப் 8 என்பதே எஃப் 11–13 போல நடந்துகொள்ளும்.

வெளிச்சத்துக்கு மொபைல் அல்லது டேப்லெட் திரையை வைப்பது பரவலான தவறு. திரையின் பிக்சல் வலை படத்தில் பதிந்துவிடும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 95க்கு மேல் உள்ள எல்இடி பேனல் வாங்குங்கள். நெகட்டிவை அதற்கு மேல் 3 முதல் 5 செ.மீ. தூக்கி வையுங்கள், பேனலில் உள்ள தூசி ஃபோகஸில் விழாது. நெகட்டிவைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறைக்காவிட்டால் படம் வெளிறும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவு பேனல்கள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேக ஷட்டரில் பட்டைகள் விழும். 1/10 நொடி பக்கம் வைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள்.

சீலிங் ஃபேனை நிறுத்தாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்காருவது கஷ்டம்தான். ஆனால் அது தூசியைக் கிளப்பி நெகட்டிவில் போடும், ஃபிலிமையும் ஆட்டும். வேலைக்கு அரைமணி முன்பே நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் பிளோயரால் ஊதிவிட்டுத் தொடங்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். அந்தக் கறை லேசில் போகாது.

தூசியை ஸ்கேனரின் டிஜிட்டல் ஐஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்களுக்கு: அது அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்வது. வண்ண நெகட்டிவில் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறிக்கும். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள், அதுவும் மறிக்கும். மென்பொருள் கண்ணையும் மூக்கையும் தூசி என்று எண்ணி அழிக்கும். பழைய கல்யாண நெகட்டிவ்களுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

இடவலம் மாறுவது இன்னொன்று. ஃபிலிம் ஓரத்தில் உள்ள எழுத்து நேராகப் படிக்க வந்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கிறது, படமும் நேராக இருக்கிறது. மங்கலான எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி எடுத்தால் கணினியில் திருப்ப வேண்டும். கல்யாணப் படத்தில் எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருந்தால் திருப்ப மறந்துவிட்டீர்கள்.

ஜேபெக்கில் எடுத்து நிறத்தைப் புரட்டுவது வண்ண நெகட்டிவைக் கெடுக்கும் நேர்வழி. அதன் ஆரஞ்சுச் சாயலை நீக்கும்போது நிறங்கள் பலமாக இழுபடும். 8 பிட்டில் வானத்தின் நிறம் பட்டை பட்டையாக உடையும். ரா (கேமரா மாற்றாத மூலக் கோப்பு) அல்லது 16 பிட் டிஃப் மட்டும். படமில்லாத ஃபிலிம் ஓரத்தையும் சேர்த்து எடுங்கள்; வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) அதில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். ஸ்கேனரின் தானியங்கிக் கூர்மையை அணைத்துவிடுங்கள்.

ஸ்கேனால் காப்பாற்ற முடியாத தவறுகள் படமெடுக்கும்போதே நடப்பவை. டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி எரிந்தால் திரும்பாது, அதனால் எக்ஸ்போஷரைக் குறைத்துப் பழகியிருக்கிறோம். நெகட்டிவ் ஃபிலிமில் இது தலைகீழ்: நிழலில் ஒளி போதாவிட்டால் அங்கே எதுவுமே பதியாது, ஸ்கேன் செய்தால் இரைச்சல்தான் வரும். நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே நிற்பவரை எடுக்கும்போது வெயில்பட்ட முற்றத்தை அளக்காதீர்கள். விவரம் தெரிய வேண்டிய இருண்ட நிழலை மீட்டரில் அளந்து (மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும்), அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) குறையுங்கள். வெளிச்சப் பகுதி ஒன்றிரண்டு ஸ்டாப் கூடினாலும் நெகட்டிவ் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் (நேர்ப்படமாகவே வருவது) தாங்காது. அதை டிஜிட்டல் போலவே நடத்துங்கள்.

வீட்டில் கறுப்பு வெள்ளை டெவலப் செய்பவர்கள் சித்திரை வைகாசியில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. வேண்டியது 20 டிகிரி, மேல்தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டியிருக்கும். ஐஸ் போட்ட பேசினில் எல்லாக் கரைசலையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். போர் தண்ணீரில் கடைசியாக அலசினால் உப்புத் திட்டுகள் காயும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஃபோட்டோ ஃப்ளோ என்ற, நீரைத் திட்டின்றி வழியவிடும் திரவத்தை 200க்கு 1 கலந்து முடியுங்கள்.

எதற்கு எது என்பதிலும் தெளிவு வேண்டும். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு 12 படம் மட்டுமே உள்ள ரோலோடு போவது வீண், அங்கே டிஜிட்டல்தான். சமணர் மலைப் பாறையில் காலை வெயில், தெப்பக்குளத்து மைய மண்டபம், அசையாமல் உட்காரும் ஒரு பெரியவர்: இங்கே 6×6 கொடுக்கும் நிற அடுக்குகளும் வெளிச்சத்தின் மென்மையும் செலவுக்குத் தகும்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். பிவிசி உறையிலிருந்து எடுத்துப் பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றி, சிலிக்கா ஜெல்லோடு பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஓட்டுக்கூரையை ஒட்டிய பரணில் வேண்டாம். வினிகர் வாடை (ஃபிலிம் சிதையும் அறிகுறி) அடிக்கும் கட்டு இருந்தால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.