மவுண்டன் லீடர் தகுதிக்கு லாக்புக் எழுதுவது எப்படி?

பிரிட்டன், அயர்லாந்து மலைகளில் கோடைக்காலச் சூழலில் குழுக்களை வழிநடத்த விரும்புகிறவர்களுக்கான தகுதி மவுண்டன் லீடர். நடத்துவது மவுண்டன் டிரெய்னிங் என்ற அமைப்பு. பயிற்சி வகுப்புக்கு முன் குறைந்தது 20 'தரமான மலைநாட்கள்' கணக்கில் இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு முன் 40. இவை குறைந்தது மூன்று வெவ்வேறு மலைப்பகுதிகளில் நடந்தவையாக இருக்க வேண்டும். கூடாரத்தில் 8 இரவுகளும் தேவை. அதில் 4 இரவாவது முகாம் தளத்தில் அல்லாமல் திறந்த மலையில் தங்கியிருக்க வேண்டும். இத்தனைக்கும் சான்று, ஒவ்வொரு நாளையும் பதிந்து வைக்கும் உங்கள் லாக்புக்தான்.

1. எந்த நாளை எண்ணலாம்?

ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ நடந்திருக்க வேண்டும். திட்டமிடலிலும் வழிநடத்தலிலும் உங்கள் பங்கு இருக்க வேண்டும். அடையாளமிட்ட பாதையை விட்டு விலகி, மேப்பும் காம்பஸும் கொண்டு வழி கண்டுபிடித்திருக்க வேண்டும். புதிதாக ஏதாவது கற்றிருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். வேல்ஸில் உள்ள 1085 மீட்டர் உயர யர் விட்ஃபாவுக்கு (ஸ்னோடன்) லான்பெரிஸ் பாதையில் கூட்டத்தோடு ஏறி இறங்கினால் கால் வலிக்கும், ஆனால் வழி தேடும் வேலையே இருக்காது. பென் நெவிஸ், ஸ்காஃபெல் பைக், யர் விட்ஃபா மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் சவாலும் அப்படித்தான். உயரம் தரத்தைக் காட்டாது. நண்பர் மேப்பைப் பிடிக்க, நீங்கள் பின்னால் நடந்த நாளும் சேராது. அதைச் சாதாரண மலைநடையாகப் பதியுங்கள். பதியாமல் விட வேண்டியதில்லை.

பனியில் கிராம்பான் (காலணியில் கட்டும் உலோக முட்கள்) கட்டி நடந்த நாட்கள் குளிர்காலத் தகுதிக்கு உதவும். இந்தக் கணக்கை அவற்றால் நிரப்பாதீர்கள்.

2. மலையிலேயே குறிப்பு எடுங்கள்

மழையில் நனையாத சிறு நோட்டு, ஒரு பென்சில். புறப்பட்ட நேரம், ஒவ்வொரு உச்சியையும் கணவாயையும் தொட்ட நேரம், காற்று, மேகம் எந்த உயரத்தில் நின்றது, திட்டத்தை எங்கே மாற்றினீர்கள் என்பவை போதும். பேனா ஈரத் தாளில் எழுதாது. போன் குளிரில் அணைந்துவிடும்.

3. அன்று மாலையே டிலாக்கில் ஏற்றுங்கள்

மவுண்டன் டிரெய்னிங்கின் ஆன்லைன் லாக்புக்குக்கு டிலாக் என்று பெயர். தேதி, மலைப்பகுதி, வழி, தூரம், ஏற்றம், நேரம், வானிலை, குழுவில் எத்தனை பேர், உங்கள் பங்கு ஆகியவற்றை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இருபது நாட்களை ஒரே மூச்சில் எழுதினால் எல்லாப் பதிவும் ஒரே மாதிரி இருக்கும். படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

4. குறிப்புப் பகுதிதான் உயிர்

"நல்ல நாள். மேகம். கார்னெதாய் சுற்று." இதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? வேல்ஸின் கார்னெதாய் மலைத்தொடரில் நடந்த அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆக்வென் ஏரியின் கிழக்கு முனையிலிருந்து பென் யர் ஓலே வென் (978 மீ.), கார்னெத் டாவித் (1044 மீ.), கார்னெத் லெவெலின் (1064 மீ.), ஃபினான் லிகுவி வழியாக இறக்கம். சுமார் 13 கி.மீ., ஏற்றம் சுமார் 950 மீ. நாய்ஸ்மித் கணக்குப்படி நடை நேரம் 4 மணி 10 நிமிடம். எடுத்தது 6 மணி 30 நிமிடம். மேகம் 700 மீட்டரில். டாவித்திலிருந்து லெவெலின் வரை நான் வழிநடத்தினேன். இடப்பக்கம் இஸ்கோலியான் டியான் செங்குத்துப் பாறை என்பதால் ஓரத்துக்குப் போகாமல் காம்பஸில் பேரிங் (திசைக் கோணம்) எடுத்து, காலடி எண்ணி நடந்தோம். கணவாய்க்கு இறக்கம் தொடங்குவதை சமஉயரக் கோடுகளை வைத்து உறுதி செய்தேன். ஒருவர் களைத்ததால் கடைசி உச்சியில் நிற்காமல் இறங்கினோம். அடுத்த முறை: ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்."

ஆபத்து எங்கே, அதை எப்படிக் கையாண்டீர்கள், முடிவெடுத்தது யார் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. நாய்ஸ்மித் கணக்கு எளிது: கிலோமீட்டருக்கு 12 நிமிடம், ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 நிமிடம். அந்தக் கணக்குக்கும் நடந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு பதிவிலும் எழுதினால், உங்கள் வேகம் எவ்வளவு, குழுவின் வேகம் எவ்வளவு என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பிய நாளை மறைக்காதீர்கள். ஐந்து மணி நேரம் நடந்து, காரணத்தோடு திரும்பியிருந்தால் அது வலுவான பதிவு.

5. பத்து நாளுக்கு ஒரு முறை ஓட்டையைத் தேடுங்கள்

எல்லாம் வேல்ஸின் எரெரியிலேயே (ஸ்னோடோனியா) நடந்ததா? லேக் டிஸ்ட்ரிக்ட், கெய்ர்ங்கார்ம்ஸ், மோர்ன் என்று வேறு மலைப்பகுதிகளுக்கு அடுத்த பயணத்தைப் போடுங்கள். எல்லா நாளும் வெயிலா? மேகம் இறங்கியிருக்கும் நாளில், பாறை விளிம்பு இல்லாத, உங்களுக்குத் தெரிந்த மலைக்குப் போங்கள். கூடார இரவுகளைத் தனியாக எண்ணுங்கள். கடைசி மாதத்தில் நான்கு இரவு குறைகிறது என்று ஓடுகிறவர்கள் நிறைய.

விண்ணப்பிக்கும்முன் பதிவுகளை ஒரு முறை முழுதாகப் படித்து, உங்கள் பங்கு எழுதாமல் விட்டவற்றை நோட்டைப் பார்த்து நிரப்புங்கள். குறைந்தது 16 மணி நேர முதலுதவிச் சான்றிதழ் மதிப்பீட்டின்போது காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடுங்கள்.