டைட்டேனியம் ஒட்டும்போது அருமண்ணை எவ்வளவு நம்பலாம்

கல்லடியில் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் கேற், கிறில், ட்ரெக்டர் வேலைதான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை இறால் குஞ்சு பொரிக்கிற இடங்களிலிருந்து, கடல்நீர் சூடாக்கும் டைட்டேனியக் குழாய் வெடித்து வரும். வளைகுடாவில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையில் ஒன்பது வருடம் இந்த உலோகத்தோடு நின்றவன் என்பதால் என்னிடம் கொண்டு வருகிறார்கள். கூட நிற்கிற தம்பிமார் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, யிட்ரியம், சீரியம் சேர்ந்த கம்பி போட்டா ஒட்டு பலமாகுமாமே?" ஆகும். இவற்றைத்தான் அருமண் மூலகங்கள் என்கிறோம். எப்படி ஆகிறது என்று விளங்கிக்கொண்டு கை வையுங்கள்.

டைட்டேனியம் 1668 பாகை செல்சியஸில் உருகும். இறுகிய பிறகும் சுமார் 400 பாகைக்குக் கீழே இறங்கும் வரை காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கரைந்த ஒட்சிசன் உலோகத்தை வன்மையாக்கும், நொறுங்கவும் வைக்கும். கிரேட் 2 எனும் கலப்பில்லாத டைட்டேனியத் தகட்டுக்கு ஒட்சிசன் 0.25 சதவீதம்தான் உச்சம். இன்னொரு தொல்லை, ஒட்டு இறுகும்போது உலோகத்துக்குள் உருவாகும் பளிங்குமணிகள் நீண்டு பருத்துப் போவது. பருமணி ஒட்டு வளைவதற்கு முதல் பிளக்கப் பார்க்கும்.

அருமண் மூலகங்கள் ஒட்சிசனை டைட்டேனியத்தை விட இறுக்கமாகப் பிடிப்பவை. கரைந்திருப்பதை இழுத்தெடுத்து நுண்ணிய ஒட்சைட்டுத் துகளாக்கும். அந்தத் துகள்கள் மணிகளின் எல்லை நகராமல் தடுப்பதால் மணி சிறுக்கும், ஒட்டு வளைந்து கொடுக்கும். அளவு கூடினால் துகள்கள் திரண்டு, வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். வானூர்திக்கென்று எடுக்கும் ஆறு சதவீதம் அலுமினியம், நாலு சதவீதம் வனேடியம் சேர்ந்த டைட்டேனியக் கலவையில் யிட்ரியத்துக்கு 0.005 சதவீதம் என்று வரம்பே போட்டிருக்கிறார்கள். ஆகவே கம்பியோடு வரும் சான்றுத்தாளை வாசிக்காமல் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். யிட்ரியம் ஒட்சைட்டில் 178 கிராம் யிட்ரியத்துக்கு 48 கிராம் ஒட்சிசன். 100 கிராம் ஒட்டில் 0.1 கிராம் யிட்ரியம் இருந்தால், அது முழுவதும் வேலை செய்தாலும் பிடிப்பது 0.027 கிராம். ஒட்டைக் காற்றுப் படாமல் மூடுகிற கவசவாயுவான ஆகன் விலகினால் வருகிற காற்றுக்கு இது எந்த மூலைக்கு? உள்ளே ஏற்கெனவே இருந்த ஒட்சிசனுக்குத்தான் அருமண். வெளியிலிருந்து வருவதை ஆகன்தான் தடுக்க வேண்டும்.

டோர்ச்சில் மின்வில் எரிகிற டங்ஸ்டன் ஊசியிலும் அருமண் உண்டு, அது வேறு கதை. நீல வளையம் போட்டதில் 2 சதவீதம் லாந்தனம் ஒட்சைட்டு. அது வில் இலகுவாய்ப் பற்றவும் நுனி உருகாமல் நிற்கவும் உதவும், ஒட்டுக்குள் போய் எதுவும் செய்யாது. நான் பாவிப்பது இதைத்தான். சிவப்பு வளையத்தில் தோரியம், கதிர்வீசுவது. தீட்டும்போது பறக்கிற தூசை மூச்சில் எடுக்காதீர்கள்.

ஒரு தம்பி லைட்டர் கல்லை அரைத்துத் தூவலாமா என்று கேட்டான். அதில் சீரியம் இருப்பது உண்மை. கூடவே இரும்பும் இருக்கிறது, அரைத்த தூள் காற்றில் பாதி ஒட்சைட்டாகிவிடும். அழுக்கைத்தான் ஒட்டுக்குள் போடுவீர்கள். (நமக்கு வடக்கே புல்மோட்டை மணலில் டைட்டேனியம் தரும் இல்மனைட்டும், சீரியம், லாந்தனம் உள்ள மொனசைட்டும் ஒன்றாய்க் கிடக்கின்றன. அந்தக் கறுப்பு மணலை அள்ளிப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.)

வேலைக்கு வருவோம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நான் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, படங்கும் கட்டித்தான் தொடங்குவேன். இடம் அசிட்டோனால் துடைத்து, இரும்பில் படாத தனி ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்த்திருக்க வேண்டும். ஆகனின் தூய்மை 99.995 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குழாய்க்குள் ஆகனைக் கீழ்வாயால் விட்டு மேல்வாயால் காற்றை வெளியேற்றுங்கள். ஆகன் காற்றை விடப் பாரம், அடியில் தேங்கி மேலே ஏறும். வில்லை நிறுத்தியதும் டோர்ச்சைத் தூக்காதீர்கள், சூடு இறங்கும் வரை வாயு அங்கேயே ஓடட்டும். கம்பி நுனி சூடாக வாயுவுக்கு வெளியே வந்துவிட்டால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுத் தொடருங்கள். நிறையப் பேர் விடுகிற பிழை இது.

ஒட்டு ஆறிய பின் வெள்ளி நிறம் நல்லது, இளவைக்கோல் நிறம் பரவாயில்லை. நீலம், சாம்பல், வெள்ளைப் பொடி என்றால் வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் நிறம் ஆறும்போது நடந்ததைத்தான் சொல்லும். ஆலையில் எனது ஒட்டு ஒன்று மேலே கண்ணாடி போல மின்னியது. வைஸில் வைத்து வளைத்தேன், முறுக்கு ஒடிவது போல நொறுக்கென்று போனது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. உள்ளே வாயு விடும் குழாய் கழன்று கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து குழாயைத் தொடுவதற்கு முதல், அதே தடிப்பில் இரண்டு துண்டு ஒட்டுகிறேன். ஒன்று வழமையான கம்பி, மற்றது அருமண் சேர்ந்தது. ஒன்றை முகப்பக்கமும் ஒன்றை அடிப்பக்கமும் வளைக்காதீர்கள், ஒப்பிட முடியாது. இரண்டையும் அடிப்பக்கம் வெளியே வரும்படி, ஒரே உருளையில் வளையுங்கள். வெடிப்பு வருகிறதா, எந்த வளைவில் வருகிறது என்று சுண்ணக்கட்டியால் துண்டிலேயே எழுதி வையுங்கள்.