பீனிக்ஸில் அக்கா வீட்டுக்குப் போவது எப்படி: இரண்டு கடிகாரம், ஒரு சீப்பு

2025 ஏப்ரலில் அம்மா, மனைவி, எட்டு வயது மகனோடு நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி, அரிசோனாவில் பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கும் அக்கா வீட்டில் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தோம். போகும் முன் நான் போட்டு வைத்திருந்த திட்டத்தில் பாதி அங்கே செல்லுபடியாகவில்லை. அதே பக்கம் அண்ணன், தங்கை, சித்தப்பா மகன் என்று யாராவது வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது. விமான டிக்கெட், வாடகைக் கார் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அவ்வளவுதான். பள்ளி விடுமுறை என்று ஜூலையில் போகாதீர்கள். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள், தினமும் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் கொளுத்தியது. நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். "ஜூலையில வந்தா வீட்டுக்குள்ள உட்கார்ந்து சீட்டாடலாம், அதுக்கு எதுக்கு டிக்கெட்?" என்று அத்தான் முன்பே சொல்லிவிட்டார்.

படி 2: வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

"கிராண்ட் கேன்யனுக்கு இதுவரை எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று கேளுங்கள். அக்கா சொன்ன பதில்: பதினொன்று. வருகிற விருந்தாளி ஒவ்வொருவரோடும் ஒரு தடவை. பீனிக்ஸில் வீடு வாங்கியவர்களின் தலையெழுத்து இது. நம் கார், நம் பெட்ரோல், நாம் மட்டும் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகத்தில் வரும் நிம்மதி தனி. வார நாட்களில் அவர்கள் வேலைக்குப் போவார்கள். நீண்ட பயணத்தை அப்போது வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு ஊருக்குள் அவர்களோடு சுற்றுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மரிகோபாவில் இருக்கும் மகா கணபதி கோயிலுக்கு எல்லோருமாகப் போனோம். அம்மாவுக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்தது அதுதான். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

படி 3: கடிகாரம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் திரும்ப இழுப்பார்கள். அரிசோனா அதைச் செய்வதில்லை. 1967-இல் ஒரே ஒரு கோடை செய்து பார்த்தார்கள். சூரியன் எப்போது போவான் என்று காத்திருக்கிற ஊரில் சாயங்கால வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டித்தால் யார் பொறுப்பார்கள்? 1968-இல் விட்டுவிட்டார்கள். அதனால் நியூ ஜெர்சிக்கும் பீனிக்ஸுக்கும் குளிர்காலத்தில் இரண்டு மணி வித்தியாசம், கோடையில் மூன்று. அக்காவை எத்தனையோ தடவை விடியற்காலையில் எழுப்பிவிட்ட பிறகுதான் இது என் மண்டையில் ஏறியது.

இதுவரை எளிது. சிக்கல் வடக்கே போகும்போது. அரிசோனாவின் வடகிழக்கில் நவாஹோ பழங்குடியினரின் நிலம் இருக்கிறது. அவர்கள் கடிகாரத்தைத் தள்ளுகிறார்கள். அந்த நிலத்துக்கு நடுவில் ஹோப்பி மக்களின் நிலம். அவர்கள் தள்ளுவதில்லை. உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள்: வடை நவாஹோ, ஓட்டை ஹோப்பி. வடைக்கு வெளியே இருக்கும் அரிசோனாவும் ஓட்டையும் ஒரே நேரம்.

நாங்கள் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கைப் பார்க்க பேஜ் என்ற ஊரில் தங்கினோம். பேஜ் பீனிக்ஸ் நேரத்தில் ஓடுகிறது. ஆன்டலோப் கேன்யன் நவாஹோ நிலத்தில் இருந்தாலும் அங்கே சுற்றிக் காட்டுபவர்களும் பீனிக்ஸ் நேரத்தையே வைத்திருக்கிறார்கள். ஆனால் என் கைபேசிக்கு அது தெரியாது. எந்தக் கோபுரத்திலிருந்து சிக்னல் பிடித்ததோ, இரவோடு இரவாக ஒரு மணி நேரம் முன்னே குதித்துவிட்டது. ஆறு மணிக்கு வைத்த அலாரம் ஐந்துக்கு அடித்தது. எல்லோரையும் விரட்டிக் குளிக்க வைத்து, விடுதியின் காலை உணவுக்கூடத்துக்குப் போனால் விளக்கே போடவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சரி, பாடம் படித்தாயிற்று என்று கைபேசியில் நேரத்தைப் பீனிக்ஸுக்கு நிரந்தரமாக நிறுத்தினேன். மறுநாள் அங்கிருந்து, செம்பாறைக் குன்றுகள் தனித்தனியாக நிற்கும் மான்யுமென்ட் வேலிப் பூங்காவுக்குப் போனோம். மூன்று மணிக்கு ஜீப் சவாரி. என் கைபேசியில் இரண்டரைக்கே போய்ச் சேர்ந்து, பெருமையாகக் காரை நிறுத்தினேன். அங்கே மணி மூன்றரை. அந்தப் பூங்கா நவாஹோ நேரத்தில் ஓடுகிறது. ஜீப் போய்விட்டது. கவுன்டரில் இருந்த அம்மையார் சிரித்துவிட்டு, "இன்றைக்கு நீங்கள் மூன்றாவது குடும்பம்" என்று சொல்லி அடுத்த வண்டியில் இடம் கொடுத்தார்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கைபேசி அமைப்பில் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, பீனிக்ஸ் என்று கையால் தேர்ந்தெடுங்கள். உலகக் கடிகாரத்தில் டென்வரையும் சேர்த்து வையுங்கள். கோடையில் டென்வர் நேரமும் நவாஹோ நேரமும் ஒன்று. முன்பதிவு செய்யும்போதே "இது பீனிக்ஸ் நேரமா, நவாஹோ நேரமா?" என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று செயலி எதுவும் வேண்டாம், தாள் போதும். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாம் வாரம் வரை போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, எல்லா இடத்திலும் ஒரே நேரம்.

படி 4: பையில் வைக்க வேண்டியவை

தண்ணீர். சென்னையில் வியர்த்தால் சட்டை நனையும், நமக்கே தெரியும். பீனிக்ஸில் வியர்வை வெளியே வந்த உடனே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றும். ஆளுக்கு ஒரு பெரிய எவர்சில்வர் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி காலியானதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அக்கா ஒரு குடுவை நிறைய உப்புப் போட்ட நீர்மோர் கொடுத்தனுப்புவாள். கடையில் விற்கும் கலர் கலரான விளையாட்டு பானங்களைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், சீப்பு. சிரிக்காதீர்கள். அங்கே ச்சோயா என்று ஒரு கள்ளி இருக்கிறது (மீல்மேக்கருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். துள்ளிப் பாய்கிறது என்றே ஊரில் சொல்வார்கள். சூப்பர்ஸ்டிஷன் மலையடிவாரத்தில் என் மகனின் கெண்டைக்காலில் எலுமிச்சை அளவு ஒன்று ஒட்டியது. நான் பதற்றத்தில் கையால் பிடித்து இழுத்தேன். அது அவன் காலைவிட்டு என் விரலுக்கு வந்தது, அவ்வளவுதான் நடந்தது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு தாத்தா வந்து, பையிலிருந்து அகலப்பல் சீப்பை எடுத்து, கள்ளிக்கும் தோலுக்கும் நடுவில் செருகி ஒரே சுண்டு. போய்விட்டது. மிச்சம் நின்ற முட்களை இடுக்கியால் பிடுங்கினோம். சுண்டும்போது அந்தத் திசையில் யாரும் நிற்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

படி 5: ஊருக்குள் ஒரு நாள்

இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிடாதீர்கள், வெயிலை வைத்துத் திட்டமிடுங்கள். விடிந்ததும் பாபாகோ பூங்கா. அங்கே பாறையில் இயற்கையாகக் குடைந்த ஓட்டை ஒன்று உண்டு, பத்து நிமிட ஏற்றம். அம்மாவே ஏறிவிட்டார். அதை முடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும் பாலைவனத் தாவரத் தோட்டம். கை தூக்கி நிற்கிற அந்தப் பெரிய கள்ளி சவாரோ (எழுத்தில் 'கு' இருக்கும், வாயில் வராது). கை முளைக்கவே ஐம்பது, எழுபது ஆண்டு ஆகுமாம். அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு புதரைப் பார்த்து, "இது நம்ம சப்பாத்திக்கள்ளிடா, இதை எதுக்கு இங்க கொண்டுவந்து வச்சிருக்காங்க?" என்று கேட்டார். உண்மை தலைகீழ். சப்பாத்திக்கள்ளிக்கு அமெரிக்கக் கண்டங்கள்தான் சொந்த ஊர். நம் வேலியோரத்துக்கு அது பிறகு வந்தது.

உச்சி வெயிலில் இசைக்கருவி அருங்காட்சியகம். தலையில் ஒலிக்கருவி மாட்டிவிடுவார்கள். ஒவ்வொரு காட்சிப்பெட்டியின் அருகே போனதும் அந்தக் கருவியின் இசை தானாகவே காதில் கேட்கும். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், குளிர்சாதன வசதியும் உண்டு. சாயங்காலம் தென்மலைப் பூங்காவில் டாபின்ஸ் முனை. உச்சி வரை கார் போகும், மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல அந்திக் காட்சி கிடைக்காது.

ஒட்டகத்திமில் போல இருக்கும் கேமல்பேக் மலையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செங்குத்து, நிழல் கிடையாது. கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் நகராட்சியே பகலில் பாதையை மூடிவிடுகிறது.

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, முன்பு புவெப்லோ கிராண்டே என்று பெயர் இருந்த அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 2023-இல் அந்தப் பகுதிப் பழங்குடியினரின் ஓஓதம் மொழிப் பெயருக்கு மாற்றினார்கள். ஹோஹோகம் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் சால்ட் ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்காலின் தடத்தை அங்கே நேரில் பார்க்கலாம். 1860-களில் குடியேறியவர்கள் அந்தத் தடங்களைப் பார்த்துத்தான் தங்கள் கால்வாய்களை வெட்டினார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் ஊருக்கு வந்ததும் அதனால்தான். விமானம் ஏறும் முன் ஒரு மணி நேரம் இருந்தால் போய்விட்டு வாருங்கள்.

படி 6: கிராண்ட் கேன்யன், ஸ்வெட்டரோடு

பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போவது போல, கொண்டை ஊசி வளைவு இல்லாமல், மூன்றரை மணி நேரத்தில். வழியில் சவாரோ மறைந்து, ஃபிளாக்ஸ்டாஃப் வந்தால் பைன் காடு. இந்தக் கணக்கை நான் போடவில்லை. சாண்ட்லரில் முப்பது டிகிரி, அம்மா பருத்திப் புடவையும் செருப்புமாகக் கிளம்பினார். விளிம்பில் சூரியன் இறங்கியதும் காற்று அடிக்க ஆரம்பித்தது. "பாலைவனம்னு சொல்லிட்டு இப்படி நடுங்க விட்டுட்டியேடா" என்றார். கார் டிக்கியிலிருந்த மகனின் டைனோசர் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் அந்தி பார்த்தார். புகைப்படம் இருக்கிறது, வெளியிட அனுமதி இல்லை.

போகும் வழியில் மான்டெசூமா கேசில் நல்ல நிறுத்தம். பாறை முகப்பில் ஐந்து அடுக்கில் கட்டிய பழைய குடியிருப்பு. பெயரில் 'கேசில்' இருந்தாலும் அது கோட்டையும் இல்லை, மெக்சிகோவின் அஸ்டெக் அரசர் மான்டெசூமாவுக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை.

பிற்சேர்க்கை, 2026: ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. இந்த ஆண்டு ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. அவர்களுக்கான ஆண்டு அனுமதிச்சீட்டு 250 டாலர், இங்கே வசிப்பவர்களுக்கு 80. நாங்கள் போனபோது இது இல்லை. கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: தேளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உண்டு. புற ஊதாக் கதிர் விளக்கு அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். அத்தான் தினமும் படுக்கும் முன் அந்த டார்ச்சோடு கொல்லைச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். என் மகன் அந்த டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது தினமும் இரவு எங்கள் வீட்டு அடித்தளத்தில் தேடுகிறான். இதுவரை ஒளிர்ந்தது அவனுடைய சொந்தச் சட்டை மட்டும்தான்.